மைக் வைக்காத இரும்பு

மூன்று காலணிப் பெட்டிகளில் நாற்பத்தொரு கேசட்டுகள். சிக்ரூன் மேல்ஹார்ன் அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க அவற்றை ஒன்றுவிடாமல் கேட்டாள். எல்லாமே அவள் கையால் பதிவு செய்தவை. ஹாமர்லோன் இசைக்குழுவின் மேடைக் கச்சேரிகள். பாடகன் மூச்சு வாங்குவது கேட்டது. கீபோர்டில் விரல் நழுவிய இடம் கேட்டது. கிடார் கம்பி ஒன்று அறுந்ததுகூடக் கேட்டது. ஃபோல்க்மார் அடிப்பது மட்டும் கேட்கவில்லை.

அவன் அந்த நாற்பத்தொரு மேடைகளிலும் நின்றவன். இடது ஓரத்தில், இரண்டு மீட்டர் தண்டவாளத் துண்டுக்கும் ஒரு கொதிகலன் மூடிக்கும் நடுவில், கையில் நான்கு கிலோ சுத்தியலோடு. அவன் அடித்த அடியில் கூரைத் தகரத்திலிருந்து துரு உதிர்ந்து ஜனங்களின் பீர்க் குவளைகளில் விழுந்ததுண்டு. அப்பேர்ப்பட்டவன், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துவதுபோல கேசட்டில் எங்கோ ஒலித்தான். அதுவும் பாடகனின் மைக்குக்குள் தவறிப்போய் நுழைந்த சத்தம்.

காரணம் அவளுக்குத் தெரியும். மேடைக்கு ஒலி அமைக்கிற எவருக்கும் தெரியும். சத்தம் போதாதவர்களுக்குத்தான் மைக் வைப்பார்கள். எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்யும்போது, மைக் வழியாக மிக்ஸருக்குள் வந்தது மட்டும்தான் கேசட்டில் ஏறும். ஃபோல்க்மாருக்கு அவள் ஒருநாளும் மைக் வைத்ததில்லை. ஊரையே அதிர வைக்கிறவனுக்கு மைக் எதற்கு?

ஜூலைக் கடைசியில் ரூப்ரெக்ட் போனில் கூப்பிட்டிருந்தான். ஹாமர்லோனின் பாடகன். இப்போது ஐம்பத்தைந்து வயது, லைப்சிக்கில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ, முழங்காலில் வலி.

"சிக்ரூன், முதல் ஆல்பம் வந்து முப்பது வருஷமாச்சு. ஒரு தொகுப்புப் பெட்டி போடறோம். மூணு ஆல்பமும் உள்ள வரும், கூட ரெண்டு டிஸ்க் மேடைக் கச்சேரி. உன் கேசட்டையெல்லாம் குடு."

"குடுக்கறேன். ஆனா அதுல ஃபோல்க்மார் இல்ல."

"தெரியுமே. அதுக்கென்ன, ஆல்பத்துலேர்ந்து அவன் அடியில ஒண்ண வெட்டி எடுத்து, வர்ற எடத்துலெல்லாம் ஒட்டிடலாம். எவனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

ரூப்ரெக்ட், "செப்டம்பர் முப்பது வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள வேற ஏதாவது கெடைச்சா குடு. இல்லன்னா ஒட்டத்தான் போறேன். செத்தவனுக்கு ஓரவஞ்சனை பண்றேன்னு மட்டும் நெனைக்காதே" என்றான்.

ஃபோல்க்மார் செத்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வேறொரு பெயர் இருந்த காலத்தில், நகரத்தின் தென்கோடியில் லாரி அச்சுகளை அடித்து உருவாக்கும் ஆலை ஒன்றில் அவன் நீராவிச் சம்மட்டி ஓட்டினான். அதே ஆலையின் கலைமன்றத்தில் அவள் ஒலிபெருக்கி பார்த்தாள். மே தினச் சொற்பொழிவு, ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பாராட்டு, சனிக்கிழமை நடனம் எல்லாவற்றுக்கும் அவள்தான் மைக் வைப்பாள். பெர்லின் சுவர் விழுந்து எல்லை திறந்த மறு வருடமே ஆலை கைமாறியது. அதற்கடுத்த வருடம் மூடப்பட்டது. இயந்திரங்களைப் பிரித்து ஏற்றிப் போனார்கள். காலிக் கட்டடத்துக்குக் காவலாளாக ஃபோல்க்மாரை வைத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டு வயதில், தான் வேலை செய்த இடத்திலிருந்து யாரும் எதையும் திருடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவனுக்கு உத்தியோகம் ஆயிற்று. திருடுவதற்கு அங்கே புறா எச்சம்தான் மிச்சம்.

அந்தக் கூடத்தை நான்கு பையன்கள் ஒத்திகைக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கிடார், கீபோர்டு, தாளத்துக்கு ஒரு மெஷின், பிறகு ரூப்ரெக்டின் தொண்டை. ஓரத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்து அதையும் அவ்வப்போது அடித்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த ஃபோல்க்மார் எட்டாம் நாள் காவலறையிலிருந்து எழுந்து வந்தான். சத்தம் அதிகம் என்று சண்டைக்கு வருகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"தம்பிகளா, இரும்ப இப்படியா அடிப்பாங்க? தடவிக் குடுக்கறீங்க. அதுக்கு ஜுரமா அடிக்குது?"

"நீங்க அடிச்சுக் காட்டுங்களேன் பெரியவரே."

அவன் அடித்துக் காட்டினான். அன்றிலிருந்து குழுவில் ஐந்து பேர். அடுத்த மாதம் ஒலி அமைக்க ஆள் வேண்டும் என்றபோது, வேலையில்லாமல் வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த சிக்ரூனை அவன்தான் அழைத்து வந்தான். அப்போது அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கல்யாணம் என்று ஒன்றை இருவருமே கடைசி வரை செய்துகொள்ளவில்லை. அதற்கு மனுப் போட வேண்டிய அலுவலகத்தில் எப்போதும் வரிசை நீளம் என்பது அவன் சொன்ன காரணம்.

ஹாமர்லோன் பெரிய குழு அல்ல. மூன்று ஆல்பங்களில் முதலாவது மட்டும்தான் தேறும் என்பது சிக்ரூனின் கருத்து. 'முதல் சூடு' என்று அதற்குப் பெயர்; உலையிலிருந்து இரும்பு முதல்முறை வெளியே வருவதை ஆலையில் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் ஃபோல்க்மார் வைத்தது. ஆனால் அந்த ஆல்பத்திலும் அவன் இருந்தான் என்று சொல்ல முடியாது. பெர்லினில் பதிவு செய்தவர் அவனைக் கால் மணி நேரம் அடிக்கச் சொல்லி, அதில் ஆக நல்ல ஒரே ஒரு அடியை எடுத்து மெஷினில் ஏற்றி, ஆல்பம் முழுக்க அதையே ஓட்டினார். ஃபோல்க்மார் முதல்முறை கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சிக்ரூன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு அடி அச்சு அசல் ஒரே மாதிரி விழுந்தா, ரெண்டாவது அடிய எவன் அடிச்சான்?"

அவள் அதை அன்று ஒரு புகாராகத்தான் எடுத்துக்கொண்டாள். சம்மட்டிக்குக் கீழே இருக்கும் இரும்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஆறுகிறது; அடுத்த அடி அதற்குத் தகுந்தபடி மாற வேண்டும். பதினெட்டு வருடம் அப்படி அடித்தவனுக்கு, மாறாத அடி என்பது யாரும் அடிக்காத அடி. அது புகார் அல்ல, கேள்வி என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே மிச்சம் மேடைதான். மேடையில் அவன் மைக் கேட்டான், ஒருமுறை அல்ல, பலமுறை.

"ஏய் சிக்ரூன், எனக்கும் ஒரு மைக் வையேன்."

"உனக்கா? நீ தும்மினா பக்கத்து ஊர்ல ஜன்னலச் சாத்தறாங்க."

"எல்லாருக்கும் முன்னாடி ஒண்ணு நிக்குது. எனக்கு மட்டும் கேவலமா இருக்கு."

"அழாதே, வெறுங்கம்பிய ஒண்ண நட்டு வெக்கறேன். அத வெச்சிக்கிட்டுப் போஸ் குடு."

ஒரு கச்சேரியில் உண்மையாகவே வெறும் மைக் கம்பியை அவன் முன்னால் நட்டு வைத்தாள். உச்சியில் ஒரு உருளைக்கிழங்கைச் செருகியிருந்தாள். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான், கச்சேரி முடிந்ததும் உருளைக்கிழங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் சூப்பில் போட்டான்.

கடைசி இரண்டு வருடங்கள் நெஞ்சு விட்டுப்போய் வீட்டோடு இருந்தபோது, அவன் அந்தக் கேசட்டுகளைக் கேட்டான். காதும் பாதி போயிருந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முடியும் வரை கேட்பான், திருப்பிப் போடுவான். ஒரு மத்தியானம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைக் கேட்டான்: "இதுல நான் எங்க இருக்கேன்?"

"உன் காது போயிடுச்சு. நான் என்ன செய்ய?" என்றாள்.

அது பொய். தான் பொய் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள். அவன் நம்பினானா என்பது தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

ஆகஸ்ட் முடிந்தபோது காலணிப் பெட்டிகளும் முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது பிஸ்கட் டப்பா ஒன்று. அதிலிருந்தவை அவள் பதிவு செய்தவை அல்ல, அவள் பிடுங்கியவை. கச்சேரியில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறவர்களை அவளுக்கு ஆகவே ஆகாது. கேட்க முடியாத கேசட்டுகளை எடுத்து நாடெங்கும் தபாலில் அனுப்பி, ஒலி அமைத்தவளின் மானத்தை வாங்குகிறவர்கள். கூட்டத்துக்குள் புகுந்து ஆளைப் பிடித்து, கேசட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் வருவாள். ஆனால் குப்பையில் போட மனம் வராது. கேசட் ஒன்றுக்கு இருபது மார்க் கொடுத்து வளர்ந்தவர்கள் எந்தக் கேசட்டையும் குப்பையில் போட மாட்டார்கள்.

டப்பாவில் பெரும்பாலானவற்றில் வேறு ஏதேதோ ஏற்றி வைத்திருந்தாள். ஒன்றில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தாள். அதன் மேல் ஒட்டிய சீட்டில், அடிக்கோல் வைத்து எழுதியதுபோன்ற எழுத்தில் இப்படி இருந்தது: 'ஹாமர்லோன், 14.10.1994. உரிமையாளர் ஹாகன் ஓர்டல்.' கீழே தெருப் பெயர், வீட்டு எண். அதற்கும் கீழே, 'தொலைந்தால் கண்டெடுத்தவர் அன்புகூர்ந்து திருப்பி அனுப்பவும். தபால் செலவு தரப்படும்.' திருடப் போகிற இடத்துக்கு முகவரியோடு போனவன். அதை அழிக்க அவளுக்குக் கை வராமல் போனதற்குக் காரணம் அந்தச் சீட்டுதான்.

அதைப் போட்டாள். இரைச்சல். இருமல். "யோவ், தலைய எடுய்யா" என்று யாரோ சொன்னார்கள். ரூப்ரெக்டின் குரல் சாக்குப்பைக்குள் கட்டிப் போட்டதுபோல எங்கிருந்தோ வந்தது. அடுத்து ஃபோல்க்மார் வந்தான்.

கூடத்தோடு வந்தான். தண்டவாளத்தில் விழுந்த அடி சுவரில் மோதித் திரும்புவதும், அது திரும்பி முடிவதற்குள் அடுத்த அடியை அவன் நிறுத்தி வைத்துக்கொள்வதும் கேட்டது. நான்காவது அடி மூன்றாவதைவிடக் கொஞ்சம் கனம். ஏழாவது வேண்டுமென்றே மெலிது. அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது பாட்டின் நடுவில், மிக அருகில், ஒரு பெண்ணின் குரல்: "என்ன இது? எடு. எடுங்கறேன்ல? குடு இங்க." ஒரு கடக் சத்தம். அவ்வளவுதான்.

அவனை நிறுத்திய குரல் அவளுடையது.

அந்த முகவரிக்கு எழுதியனுப்பியதற்கு நான்கே நாளில் பதில் வந்தது. ஹாகன் ஓர்டல் அதே வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தன் தோட்டத்துக்கு வரச் சொன்னார். ரயில் பாதை ஓரமாக வரிசை வரிசையாகப் பிரித்த சிறு தோட்டங்களில் ஒன்று. வேலியின் உயரம், புல்லின் உயரம் இரண்டும் தோட்டக்காரர் சங்க விதிப்படி. ஓர்டல் ஓய்வு பெற்ற நில அளவை ஊழியர். மெலிந்த உடம்பு, துவைத்துத் தேய்த்த சட்டை. பிளம் கேக்கும் காப்பியும் மேசையில் தயாராக இருந்தன. வாசலில் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்.

"சோதிச்சுக்கங்க மேடம். பாக்கெட்டுல மூக்குக் கண்ணாடி மட்டுந்தான்."

"போதும் ஓர்டல், மானத்த வாங்காதீங்க." அவள் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "கண்டெடுத்தேன். திருப்பித் தந்துட்டேன்."

அவர் அதை எடுத்துச் சீட்டைப் படித்தார். "இருபத்தொம்போது வருஷம். தபால் செலவு தரேன்னு போட்டிருக்கேன். நீங்க நடந்தே வந்துட்டீங்க, அதனால கேக் தரேன்."

இரண்டாவது துண்டு கேக் முடியும்வரை அவள் விஷயத்துக்கு வரவில்லை. பிறகு கேட்டாள்: "இதுக்கப்புறம் எங்க கச்சேரிக்கு வரலையா?"

"வந்தேனே. மே ஒண்ணாந் தேதி, தொண்ணூத்தஞ்சு. ஆலையிலயே, கூடத்த இடிக்கறதுக்கு முன்னாடி. சாயங்காலம் ஆனா வெளக்கு கெடையாதுன்னு மத்தியானமே வெச்சீங்க. மேடம் எனக்குக் கதவத் தொறந்துகூட விட்டீங்க."

"நானா?"

"கையில மாவுக்கட்டு போட்டிருந்தேன். 'பாத்துப் போங்க, இடிச்சுக்கப் போறீங்க'ன்னு சொன்னீங்க. என் மச்சினன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். கட்டுக்குள்ளதான் ரெக்கார்டர் இருந்தது. மைக் முழங்கையில."

சிக்ரூனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "படுபாவி! நான் உங்களுக்கு நாற்காலிகூடப் போட்டேனே!"

"இடது தூணுக்குப் பக்கத்துல. நான்தான் அந்த எடத்தக் கேட்டேன். எப்பவும் அங்கதான் நிப்பேன். அந்த இரும்படிக்கிறவருக்கு நேரா."

"ஏன் அவருக்கு நேரா?"

ஓர்டல் கேள்வியே புரியாதவர்போலப் பார்த்தார். "பாட்டு ஆல்பத்துல இருக்கே மேடம். அதுக்காக யாராவது பஸ் ஏறி வருவாங்களா?"

தோட்டத்துக் குடிசைக்குள் அலமாரி நிறைய கேசட்டுகள், தேதிவாரியாக. எதையும் தேடாமல் நேராகக் கையை வைத்து ஒன்றை எடுத்தார். ஒரு நிமிடம் கொடுக்காமல் வைத்திருந்தார். "திரும்பி வருமா?" என்றார். அவள் தன் முகவரியை எழுதி மேசையில் வைத்தாள்.

செப்டம்பர் இருபதாம் தேதி ரூப்ரெக்ட் கூப்பிட்டான். அவள் அனுப்பிய அந்தக் கேசட்டை முழுக்கக் கேட்டிருந்தான்.

"சிக்ரூன், இதென்ன கூத்து? ஒருத்தன் ஒண்ணேகால் மணி நேரமா இருமறான். எவனோ பீர் கேக்கறான். என் பாட்டுல ஒரு வார்த்த புரியல!"

"ஃபோல்க்மார் அடி கேக்குதா?"

"அது மட்டுந்தான் கேக்குது! சரி, இப்படிச் செய்வோம். அதே கச்சேரியோட உன் மிக்ஸர் கேசட்டுல என் குரல் இருக்கு, இதுல அவன் இருக்கான். ரெண்டையும் ஒண்ணா ஓட்டிடறேன்."

ஒரு வாரம் முயன்று பார்த்தான். இரண்டு கேசட்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. மாவுக்கட்டுக்குள் இருந்த ரெக்கார்டரின் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோல்க்மார் ரூப்ரெக்டைவிட்டு நழுவினான். இழுத்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் அடி செத்துப்போனது.

"நடக்காது" என்றான் ரூப்ரெக்ட். "பழையபடி ஆல்பத்து அடியத்தான் ஒட்டணும்."

"ஒரு டிஸ்க்குல என் கேசட்டப் போடு, உன் இஷ்டம், எத வேணா ஒட்டு. இன்னொண்ணுல இத அப்படியே போடு. இருமலோட."

"என் குரலே கேக்காத டிஸ்க்க என் பேர்லயே விக்கச் சொல்ற."

"முப்பது வருஷமா அவன் சத்தம் கேக்கல ரூப்ரெக்ட். ஒரே ஒரு டிஸ்க்குல உன் சத்தம் கேக்காம இருக்கட்டும். அவன் சத்தம் ஏறாததுக்கு நான்தான் காரணம், வேணும்னா அதையும் அட்டையில போட்டுக்க."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "உருளக்கிழங்கு ஞாபகம் இருக்கா?" என்றான் ரூப்ரெக்ட் திடீரென்று. பிறகு அவனே, "சரி. அப்படியே போடறேன்" என்றான்.

நவம்பரில் பெட்டி வந்தது. தபால்காரர் கொடுத்தபோது மணி ஒன்றரை. கட்டடம் முழுக்க மத்தியான ஓய்வில் இருந்தது. ஒன்றிலிருந்து மூன்றுவரை அங்கே யாரும் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். கீழ்வீட்டு லிண்ட்னர் அம்மாளுக்கு எண்பத்தாறு வயது, விதியென்றால் விதி. அந்தக் காலத்தில் ஃபோல்க்மார் ஒரு இரும்புத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டிப் பார்க்கும்போதெல்லாம், அந்த அம்மாள் ஒரு கரண்டியால் வெந்நீர்க் குழாயை மூன்று முறை அடிப்பார். குழாய் எல்லா வீடுகளுக்கும் ஒன்றுதான். அவன் நிறுத்திவிட்டு, குழாயில் ஒரே ஒரு தட்டு, மெதுவாக, தட்டுவான். ஆலையில் ஷிஃப்ட் முடியும்போது இரும்பு வைக்காத வெறும் பட்டடையில் தட்டுகிற அதே தட்டு. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். கீழேயிருந்து ஒரு தட்டு பதில் வரும்.

சிக்ரூன் ஐந்தாவது டிஸ்க்கை எடுத்தாள். அட்டையில் சிறிய எழுத்தில் இருந்தது: 'பதிவு: ஹாகன் ஓர்டல், இடது தூண்.' ஹெட்போனைத் தேடவில்லை. ஃபோல்க்மாரின் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டையும் தரையில் இறக்கி வைத்து, சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்பினாள்.

முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் குழாயில் மூன்று அடி விழுந்தது. நாற்பத்தொரு கேசட்டையும் ஆகஸ்ட் முழுக்க இதே ஸ்பீக்கரில் கேட்டபோது ஒருநாளும் விழாத அடி. அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. இரண்டாவது பாட்டில் மறுபடி மூன்று. அதன் பிறகு கீழே அமைதியாகிவிட்டது.

கடைசிப் பாட்டு முடிந்தது. அவளுடைய கேசட்டுகள் எல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடும். கடைசிச் சுரம் ஓய்ந்ததும் மிக்ஸரை அணைத்துவிட்டு ஒயர் சுருட்டப் போய்விடுவாள். ஓர்டல் அணைக்கவில்லை. கைதட்டல், நாற்காலிகள் நகரும் சத்தம், கூட்டம் வாசலை நோக்கி நடக்கும் சத்தம். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது தண்டவாளத்தில் ஒரே ஒரு தட்டு விழுந்தது, மெதுவாக.

டிஸ்க் நின்றது. சிக்ரூன் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

கீழேயிருந்து, குழாயில், ஒரு தட்டு கேட்டது.